உஷார்! உங்கள் வீட்டு முற்றமும் ஒரு பெற்றோல் செட்தான்

சாமி அறையில் விளக்கு எரிகிறது. விறாந்தையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கதவு மூலையில் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் இருக்கிறது.

இந்த மூன்றும் உங்கள் வீட்டில் உண்டா? அப்படியென்றால் இதை முழுவதும் வாசித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கோ. தயவுசெய்து.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் தங்கள் காருக்குத் தாங்களே பெற்றோல் அடிக்கிறார்கள். அங்கே அதற்கு விதிகள் உண்டு, அறிவித்தல் பலகை உண்டு, அவசரத்துக்கு அமத்த ஒரு பொத்தானும் உண்டு. அப்படியிருந்தும் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம், வாடிக்கையாளர் தன் கையால் பெற்றோல் அடிப்பதை 1949ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்குச் சொன்ன காரணம் தீ அபாயம்.

யாழ்ப்பாணத்தில் செட்டுக்குப் போனால் அடித்துத் தர ஒரு தம்பி நிற்கிறார். கவனமெல்லாம் அவர் பாடு என்று நாங்கள் இருந்துவிடுகிறோம். ஆனால் போத்தலிலும் கானிலும் வீட்டுக்கு வந்து சேருகிற பெற்றோலை யார் ஊற்றுவது? நாங்கள்தான். தோட்டத்து இறைப்பு மிசினுக்கு, ஜெனரேற்றருக்கு, புல்லு வெட்டுகிற மிசினுக்கு, எண்ணெய் முடிந்து நின்றுபோன மோட்டார் சைக்கிளுக்கு. வீட்டில் பலகை இல்லை. தீயணைக்கும் கருவி இல்லை. இப்படிச் செய், இப்படிச் செய்யாதே என்று சொல்லித்தந்த ஒருவரும் இல்லை.

அதுதான் பயமாக இருக்கிறது!

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைக் கேளுங்கோ

வலிகாமத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் பட்டது போதும். வெள்ளிக்கிழமை பின்னேரம். மேசன் வேலை முடிந்து வந்தவர் அடுத்த நாள் காலை வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் விடுகிறார். விறாந்தையில் வைத்து, பிளாஸ்ரிக் கானில் இருந்து, புனல்கூட இல்லாமல். மனைவி தலை முழுகி, வாசற்படியில் விளக்கு ஏற்றி வைக்கிறார். விளக்குக்கும் வண்டிக்கும் இடையில் ஏழெட்டு அடி இருக்கும். விளக்குத் தள்ளித்தானே இருக்கிறது என்று கணவர் நினைத்தார்.

நெருப்பு விளக்கில் இருந்து தரையோடு தரையாக அவரை நோக்கி வந்தது.

பயத்தில் கானைக் கைவிட்டார். பெற்றோல் சிந்திச் சாரத்தில் பிடித்தது. மனைவி ஓடிப்போய்க் கிணற்றடி வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். எரிகிற பெற்றோல் தண்ணீரில் மிதந்து வீட்டுக்குள் ஓடியது. பாய் பற்றியது, தலகாணி பற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் நனைத்த சாக்கோடு வேலி பாய்ந்து வந்ததால் உயிர் மிஞ்சியது. வந்தவர்கள் எரிந்த காலில் பற்பசை பூசினார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது அந்த மனிதர் போட்ட சத்தத்தை அவருடைய பிள்ளைகள் வெளியில் நின்று கேட்டார்கள்.

மாதக்கணக்கில் வார்ட். துடையில் தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள். வலது கை விரல்கள் இரண்டு இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. மேசனுக்குக் கைதானே சோறு? ஒரு கான் பெற்றோல் ஒரு வீட்டின் உழைப்பைக் கொண்டுபோய்விட்டது.

அவர் குடிகாரர் இல்லை. கவலையீனமான ஆளும் இல்லை. நீங்களும் நானும் செய்கிறதைத்தான் அவரும் செய்தார்.

எரிவது பெற்றோல் அல்ல, அதன் ஆவி!

இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். பெற்றோல் திறந்த உடனேயே ஆவி எழும்புகிறது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் அந்த ஆவி ஒரு பொறியில் பற்றும். எங்கள் ஊர் வெயிலில், 30 பாகைக்கு மேல், எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. மண்ணெண்ணெய் அப்படியல்ல. அதன் ஆவி பற்றுவதற்கு ஏறத்தாழ 38 பாகையாவது சூடு வேண்டும். மண்ணெண்ணெய்யோடு பழகிய கை, பெற்றோலையும் அதே கணக்கில் எடுக்கிறது. அங்கேதான் பிழைக்கிறது.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே போய்க் கலைந்துவிடாது. மாரி வெள்ளம் மாதிரித் தரையோடு படர்ந்து, பள்ளம் பார்த்து ஓடும். படிக்கட்டால் இறங்கும், கதவுக்குக் கீழால் உள்ளே போகும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே எரியக்கூடிய அளவு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. சத்தம் கேட்காது.

மணம் வருகிறதா? ஆவி உங்களிடம் வந்துவிட்டது!

ஏன் எங்கள் வீடுகளில் போத்தல் இருக்கிறது?

பேராசையால் அல்ல, பட்ட பாட்டால். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் என்பது மருந்துபோலத் துளிக் கணக்கில் கிடைத்த காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டிய ஊர் இது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். பிறகு 2022 வந்தது. செட் வாசலில் இரவு பகலாக வரிசை. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. கிடைத்த பெற்றோலைப் போத்தலில் எடுத்து அறைக்குள்ளும் கட்டிலுக்குக் கீழும் வைத்தோம். அதே ஆண்டில்தான், பதுக்கிய பெற்றோலால் வீடுகளில் தீப்பிடித்த செய்திகளும் நாட்டின் பல பக்கத்தில் இருந்து வந்தன.

வரிசை போய்விட்டது. போத்தல் போகவில்லை. தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு கதை அடிபட்டால் போதும், மறுபடி போத்தல்கள் நிரம்புகின்றன. இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் தட்டுப்பாட்டில் வேலைக்குச் சைக்கிளில் போகலாம். எரிந்த கையோடு எங்கே போவது?

உங்கள் வீட்டில் இவை நடக்கின்றனவா? ஆபத்து அறிகுறிகள்!

ஒன்று. சோடாப் போத்தலில், தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல். மெல்லிய பிளாஸ்ரிக். வெயிலில் உள்ளே ஆவி அமுக்கம் கூடி மூடியால் கசியும். அதைவிடக் கொடுமை, தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளைக்கு அது சோடா. இலங்கையில் சிறு பிள்ளைகளுக்கு வீட்டில் நஞ்சாகிற பொருட்களில் மண்ணெண்ணெய் முன்னுக்கு நிற்கிறது. பெற்றோலும் அதே வழியில்தான் பிள்ளையின் வாய்க்குப் போகிறது.

இரண்டு. ஒரே கானில் இன்று பெற்றோல், நாளை மண்ணெண்ணெய். இதைக் கேட்டு நடுங்குங்கோ! இறைப்பு மிசின் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய்யில் ஓடுகிறது. அதனால் இரண்டும் ஒரே கொட்டிலில், ஒரே மாதிரிக் கானில் நிற்கின்றன. கொஞ்சம் பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் விளக்குக்கோ அடுப்புக்கோ போனால், பற்ற வைக்கிற கையிலேயே வெடிக்கும். சும்மா போத்தல் விளக்கே சரிந்து விழுந்து எத்தனையோ பேரை எரித்திருக்கிறது. அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத குள்ளமான ‘சுதீப’ விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நல்ல விளக்குக்குள்ளும் கலந்த எண்ணெய்யை ஊற்றினால் அந்த விளக்கும் காப்பாற்றாது. பெற்றோல் கானுக்குச் சிவப்பு நிறம் அடித்து, பெயர் எழுதி, வேறாக வையுங்கோ.

மூன்று. ஓடிக் கொதித்த மிசினுக்கு உடனே பெற்றோல் விடுவது. தண்ணீர் பாதி வயலில் நிற்கிறது, அவசரம்தான், தெரியும். ஆனால் சைலன்சரில் சிந்துகிற பெற்றோல் உங்கள் முகத்தில்தான் எழும்பும். மிசினை நிப்பாட்டுங்கோ. ஆறவிடுங்கோ. பிறகு விடுங்கோ. இருட்டில் பார்க்கிறதற்கு நெருப்புக் குச்சி தட்டுவது, லாம்பு பிடிப்பது வேண்டவே வேண்டாம். ரோர்ச் லைட்டைக் கிட்டக் கொண்டுபோகாமல் தூரத்தில் இருந்து பிடிக்கச் சொல்லுங்கோ.

நான்கு. ரியூப் போட்டு வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுப்பது. ஒரு மிடறு சுவாசப்பைக்குள் போனால் போதும், நெஞ்சு அழற்சியில் படுக்கையில் விழுவீர்கள். கைப்பம்ப் கடைகளில் இருக்கிறது. வாங்குங்கோ.

ஐந்து. குப்பைக்கும் பனையோலைக்கும் பெற்றோல் ஊற்றி எரிப்பது. ஊற்றிவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடுகிற நேரத்தில் குவியல் முழுக்க ஆவி நிரம்பிவிடும். குச்சியைத் தட்டினால் பற்றாது, வெடிக்கும்.

ஆறு. கை கழுவ, கறை துடைக்க, கறையான் கொல்லப் பெற்றோல். மிஞ்சியதை நிலத்தில் ஊற்றுவது. எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கீழே இறங்கும். சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் தண்ணீருக்கு அலைந்ததை மறந்துவிட்டோமா? அதற்கு 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. காசு வந்தாலும் கெட்ட கிணறு ஒரு நாளில் நல்லதாகாது.

செட்டில் நிற்கும்போது

எஞ்சினை நிப்பாட்டுங்கோ. மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்குங்கோ. இருந்தபடியே ராங் மூடியைத் திறந்து, கால் இரண்டுக்கும் நடுவில் பெற்றோல் அடிப்பிக்கிறோம். பற்றினால் எப்படி இறங்கி ஓடுவது? முன்னுக்குத் தாங்கியில் பிள்ளையை இருத்தி வைத்துக்கொண்டு அடிப்பிக்கிறவர்களைக் காணும்போது வயிறு பதறுகிறது. பிள்ளையை முதலில் இறக்குங்கோ. தள்ளி நிறுத்துங்கோ.

ஓட்டோவென்றால் எல்லாரும் இறங்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு செட்டுக்குள் போகிற ஓட்டோ அண்ணைமாரே, பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து அடியுங்கோ. உங்களை நம்பித்தானே தாய்மார் ஏற்றிவிடுகிறார்கள்?

‘ஃபுல் ராங், விளிம்பு வரைக்கும்’ என்று கேட்காதேங்கோ. நிலத்தடித் தாங்கியில் இருந்து குளிராக வருகிற பெற்றோல் வெயிலில் சூடாகி விரியும். 10 பாகை சூடு கூடினால் நூற்றுக்கு ஒரு பங்கு பெருகும். இடம் இல்லாவிட்டால் வெளியே கசியும், சூடான எஞ்சினில் வடியும். சிந்திவிட்டால் அந்த இடத்தில் நின்று உதைத்து ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ. வண்டியைத் தள்ளிக்கொண்டு அப்பால் போங்கோ.

பவுசர் வந்து பெற்றோல் இறக்குகிறதா? அந்த நேரம் தாங்கிக்குள் இருக்கிற ஆவியெல்லாம் வெளியே வரும். பிறகு வாங்கோ.

சுருட்டோ சிகரெட்டோ வாயில் இருந்தால் செட் படலைக்குள்ளேயே வர வேண்டாம். ஐயாமாரே, அணைத்துக் காதில் செருகினாலும் நம்பாதேங்கோ, அடியில் தணல் இருக்கும்.

கானில் எடுப்பதாக இருந்தால் அதற்கென்று செய்த கானில் எடுங்கோ. கானை நிலத்தில் வைத்து நிரப்புங்கோ. மடியில், சீற்றில், கார் டிக்கியில் வைத்து நிரப்ப வேண்டாம். பெற்றோல் பாயும்போது நிலைமின் சேரும். நிலத்தில் வைத்தால்தான் அது மண்ணுக்கு இறங்கும். பம்பின் வாய் கானின் வாயோடு முட்டியபடி இருக்கட்டும். கழுத்து வரைக்கும் நிரப்பாமல் இடம் விடுங்கோ. நிரப்பிய கானைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்து வெயிலில் விடாதேங்கோ.

போன்? செட்டில் போன் பாவிக்கக் கூடாது என்று பலகை போட்டிருந்தால் கேட்டு நடவுங்கோ. ஆனால் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன், இனிப் பயமில்லை என்று மட்டும் இருந்துவிடாதேங்கோ. அமெரிக்காவில் பெற்றோலிய உபகரண நிறுவகம் என்ற அமைப்பு, பெற்றோல் அடிக்கும்போது மூண்ட தீ பற்றிய அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தது. போனால் மூண்டது என்று உறுதியான ஒன்றும் அதில் அகப்படவில்லை. அதிகம் அகப்பட்டது வேறொன்று. பம்பைக் கொழுவிவிட்டுக் காருக்குள் ஏறி இருந்து, திரும்ப இறங்கி வந்து பம்பைத் தொட்டவர்கள்!

இது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு

லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ இப்போதுதான் போனீர்களா? அங்கே நீங்களேதான் அடிக்க வேண்டும். இங்கே ஒருநாளும் அந்தப் பம்பைத் தொட்டிருக்க மாட்டீர்கள். குளிர் காலத்தில் காற்று உலர்ந்திருக்கும். கம்பளிச் சட்டையோடு சீற்றில் உரசி இறங்கும்போது உடம்பில் நிலைமின் ஏறும். அந்த விரலால் பம்பைத் தொட்டால் பொறி பறக்கும். ஆவி நிற்கிற இடம் அதுதான். ஆகவே இறங்கியதும் கார்க் கதவின் உலோகத்தை முதலில் தொடுங்கோ. பிறகு பம்பைப் பிடியுங்கோ. அடித்து முடியும் வரை காருக்குள் ஏறாதேங்கோ. குளிர்ந்தாலும் வெளியே நில்லுங்கோ.

அதையும் மீறித் தாங்கி வாயில் நெருப்புப் பிடித்தால் பம்பை இழுத்து எடுக்காதேங்கோ! இழுத்தால் எரிகிற பெற்றோலைச் சுற்றிவர விசிறுவீர்கள். விட்டுவிட்டு விலகி ஓடி, அவசரப் பொத்தானை அமத்துங்கோ. உள்ளே இருப்பவருக்குச் சொல்லுங்கோ.

நிறத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம். பிரித்தானியாவில் பச்சைக் குழாய் பெற்றோல், கறுப்பு டீசல். அமெரிக்காவில் பல செட்களில் பச்சைதான் டீசல். எழுதியிருப்பதை வாசியுங்கோ. மாறி அடித்துவிட்டால் திறப்பைத் திருப்பவே வேண்டாம்.

பிடித்துவிட்டால் என்ன செய்வது?

தண்ணீர் ஊற்றாதேங்கோ. எரிகிற பெற்றோல் தண்ணீரில் மிதந்து பரவும். முற்றத்து மண்ணை அள்ளிப் போடுங்கோ. நனைத்த சாக்கால் மூடுங்கோ. உலர் தூள் தீயணைப்புக் கருவி ஒன்று மிசின் கொட்டிலில் இருந்தால் அது பெரிய காவல். நெருப்பு உங்களைவிடப் பெரிதாகிவிட்டால் சாமானை விடுங்கோ, ஆட்களை வெளியே எடுங்கோ. தீயணைப்புக்கு 110. ஆனால் யாழ். நகரத்தில் இருந்து பருத்தித்துறைக்கோ தீவுப் பகுதிக்கோ வண்டி வந்து சேரும் வரை நெருப்புக் காத்திருக்காது.

உடுப்பில் பிடித்தால் ஓடாதேங்கோ. ஓடினால் காற்றுப்பட்டு இன்னும் எரியும். நில்லுங்கோ, விழுங்கோ, முகத்தைப் பொத்தி உருளுங்கோ. மற்றவர்கள் தடித்த துணியால் போர்த்தி அமத்த வேண்டும். உடுப்பில் பெற்றோல் ஊறியிருந்தால், பற்றாவிட்டாலும், அடுப்படிப் பக்கம் போகாதேங்கோ. வெளியில் நின்று தண்ணீர் வார்த்துவிட்டுக் கழற்றுங்கோ.

எரிந்த காயத்துக்கு ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். மோதிரம், காப்பு, மணிக்கூட்டை வீங்குவதற்கு முதல் கழற்றுங்கோ. தோலில் ஒட்டிய துணியை இழுக்காதேங்கோ. பற்பசை, முட்டை, சாம்பல், நல்லெண்ணெய் ஒன்றும் பூசாதேங்கோ! சுத்தமான துணியால் மெல்ல மூடி, 1990க்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் இலவசம்.

பிள்ளை பெற்றோலோ மண்ணெண்ணெய்யோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதேங்கோ. விரலைத் தொண்டைக்குள் விடாதேங்கோ. வாந்தியோடு அது சுவாசப்பைக்குள் போனால்தான் உயிருக்கு ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.

இன்றைக்கே செய்யுங்கோ

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கோ. கட்டிலுக்குக் கீழே, கதவு மூலையில், குசினி மாடத்தில், மிசின் கொட்டிலில். தேவையில்லாத பெற்றோல் இருந்தால், வெளியில் வைத்து, எஞ்சின் ஆறிய வண்டியின் தாங்கிக்குள் விட்டுவிடுங்கோ. வைத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள் வேண்டாம். சரியான கானில், கொஞ்சமாக, நிழலில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைக்கு எட்டாமல், நெருப்புக்குத் தூரமாக வையுங்கோ. வெறுங்கானிலும் ஆவி இருக்கும், அதையும் மூடி வையுங்கோ.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், தோட்டம் செய்கிற அண்ணைக்கும், ஓட்டோ ஓட்டுகிற தம்பிக்கும் சொல்லுங்கோ. அவர்கள் சிரித்தாலும் சொல்லுங்கோ. கோபித்தாலும் சொல்லுங்கோ. பிள்ளை எரிந்த பிறகு யாருக்கும் எதுவும் சொல்லிப் பயன் இல்லை!